மேடும் பள்ளமும்: திருவருகைக் காலத் தயாரிப்பைக் கொல்லிமலையிலிருந்து பார்த்தல்

கிறிஸ்து பிறப்புக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகள் எப்படிக் கழிக்கின்றன என்பது இந்த அவைக்குத் தெரியும். குருவானவர் ஊதா உடைக்கு மாறுகிறார். வானவர் கீதம் பாடப்படுவதில்லை. பீடத்தருகே பச்சை வளையத்தில் வாரத்துக்கு ஒரு மெழுகுதிரி கூடுதலாக எரிகிறது. கோவிலுக்கு வெளியே டிசம்பர் முதல் தேதியே ஸ்டார் ஏறிவிடுகிறது. கரோல் குழு வீடு வீடாகப் போகிறது, குடிலுக்கு வைக்கோலும் களிமண்ணும் வந்து சேர்கின்றன. இந்த ஆரவாரம் பிடிக்காதவர்கள், விழா வேலையை விடுங்கள், உள்ளத்தைத் தயாரியுங்கள் என்று மறையுரையில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் உள்ளத் தயாரிப்பு பெரும்பாலும் சிறிது செபம், சிறிது மௌனம், விழாவுக்கு முந்தின வாரம் ஒரு பாவசங்கீர்த்தனம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: தயாரிப்பு என்பது எனக்கும் ஆண்டவருக்கும் இடையிலான காரியம், பக்கத்து வீட்டுக்காரனுக்கோ கூலிக்காரனுக்கோ கடன்காரனுக்கோ அதில் இடமில்லை. இந்த ஒத்த கருத்தைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன். திருவருகைக் காலத்தின் சொந்த வாசகங்களும் அதன் வரலாறும் தயாரிப்பை மனிதர்களுக்கிடையே உள்ள கணக்கைத் தீர்க்கும் வேலையாகவே காட்டுகின்றன. ஆன்மிகம் அந்தக் கணக்குக்குள்தான் நடக்கிறது. இதற்குச் சான்று தேட நான் கொல்லிமலையை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு.

இக்காலத்தின் நடுவில் நிற்பது எசாயாவின் நாற்பதாம் அதிகாரம். பள்ளங்கள் நிரப்பப்படும், மலைகள் தாழ்த்தப்படும், கோணல் வழி நேராகும் என்ற அந்த அறிவிப்பு பாபிலோனில் அடிமைப்பட்டிருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. பேரரசர்கள் பயணம் வருமுன் ஆட்களை விட்டுச் சாலை போடவைத்த காலம் அது. அந்த வேலையின் சுமை யார் முதுகில் ஏறியது என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். லூக்கா இதை எடுத்துத் திருமுழுக்கு யோவானின் பணித் தொடக்கத்தில் நிறுத்துகிறார். மூன்று ஆண்டுச் சுழற்சியாக வரும் வாசக வரிசையின் மூன்றாம் ஆண்டில், திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு அதையே வாசிக்கிறோம். அன்றைய முதல் வாசகமான பாரூக்கு நூற்பகுதியும் மலை தாழ்வதைப் பற்றித்தான் பேசுகிறது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது அழகான உருவகம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள செம்மேட்டுக்குப் போகிறவருக்கு அது அப்படியே உருவகமாக நின்றுவிடாது. சாலை வருவதற்கு முன் பிரசவ வேதனையில் இருந்தவளையும் காய்ச்சல்காரரையும் டோலியில் கட்டிக் கீழே இறக்கிய மலை இது. மலை தாழவேண்டும் என்பதற்கு இங்கே உடனடிப் பொருள் ஒன்று உண்டு: மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் எட்டவேண்டியது ஒரே அளவில் எட்டவேண்டும். (அலுமினியத்துக்காகப் பாக்சைட் வெட்டி இதே மலையை நேரடியாகவே தாழ்த்திய வரலாறும் உண்டு. எசாயா அதைச் சொல்லவில்லை என்பதைக் குறிப்பிடத் தேவையிருக்காது.)

சரி, வழியைச் செம்மைப்படுத்துவது என்றால் நடைமுறையில் என்ன? இந்தக் கேள்விக்கு லூக்கா நம்மைக் காக்கவைப்பதில்லை. மக்கள் கூட்டம் யோவானிடம், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று மூன்று முறை கேட்கிறது. மூன்று பதில்களிலும் செபம் என்ற சொல் கிடையாது. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், உணவிலும் அப்படியே. வரிதண்டுவோர் விதித்ததற்கு மேல் வாங்கவேண்டாம். படைவீரர் மிரட்டியும் பொய்க் குற்றம் சாட்டியும் பணம் பறிக்காமல் தங்கள் சம்பளத்தோடு இருக்கட்டும். மூன்றும் பொருளாதாரப் பதில்கள். அதிலும் அந்தந்த ஆளின் தொழிலுக்குள்ளேயே கைவைக்கும் பதில்கள். வரிதண்டுவோரை வேலையை விடச் சொல்லவில்லை, பாலைவனத்துக்குத் தன் பின்னால் வரச் சொல்லவில்லை. தராசைச் சரியாகப் பிடிக்கச் சொன்னார். ஆண்டவர் வரும் வழி என்று அவர் காட்டியது சந்தையையும் சுங்கச்சாவடியையும் காவல் கொட்டடியையும்தான்.

இதற்கு முதல் மறுப்பு இப்படி வரும்: திருவருகைக் காலம் தவக்காலம் அல்ல. 1969-இல் வெளியான திருவழிபாட்டு ஆண்டு விதிமுறைகள் இதை இரட்டைத் தன்மை கொண்ட காலம் என்கின்றன. முதல் வருகையை நினைப்பதும் இறுதி வருகையை எதிர்பார்ப்பதும் சேர்ந்த, பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்நோக்கு என்கின்றன. அல்லேலூயா நிற்பதில்லை. அப்படியிருக்கக் கடன், கூலி, தராசு என்று முகத்தைச் சுளிக்கவைப்பானேன்? மறுப்பு நியாயமானது, ஆனால் அதற்கான பதிலை வாசக நூலே வைத்திருக்கிறது. ஊதா நிறம் இளஞ்சிவப்பாக மாறும் மூன்றாம் ஞாயிற்றுக்கு மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர். மூன்றாம் ஆண்டில் அன்று செப்பனியா மகிழச் சொல்கிறார், பவுல் பிலிப்பியருக்கு மகிழச் சொல்கிறார். நற்செய்தியாக வருவதோ மேலே சொன்ன அங்கி, வரி, பறிப்பு பற்றிய பகுதி. வாசகங்களைத் தொகுத்தவர்கள் கவனமில்லாமல் இதைச் செய்திருப்பார்கள் என்று நினைக்க இடமில்லை. தராசு நேரானால் மகிழ்ச்சி வரும் என்பது அவர்கள் கணிப்பு. அந்த மகிழ்ச்சி முதலில் யாருக்கு வரும் என்பதும் எண்ணிப்பார்க்க வேண்டியது. மிகுதியாக வாங்கப்பட்டவருக்கு, இரண்டாம் அங்கி இல்லாதவருக்கு. அங்கி வைத்திருப்பவர் அன்று சற்று முகம் சுளித்தாலும் பாதகமில்லை.

வரலாறு இன்னும் அழுத்தமாகப் பேசுகிறது. 380-இல் ஸ்பெயினின் சரகோசா நகரில் கூடிய சங்கம், டிசம்பர் 17 முதல் திருக்காட்சி விழா வரை யாரும் கோவிலுக்கு வராமல் இருக்கக்கூடாது என்று விதித்தது. (இன்றும் டிசம்பர் 17-இல்தான் திருவருகைக் காலத்தின் இறுதிக் கட்டம் தொடங்குகிறது. நமக்கு அதையொட்டி மார்கழியும் பிறந்துவிடுகிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை, விடியற்காலைக் குளிரில் வழிபாட்டுக்கு எழும் பழக்கம் மட்டும் இரு பக்கத்துக்கும் பொது.) ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ், புனித மார்ட்டின் விழாவான நவம்பர் 11 முதல் வாரம் மூன்று நாள் நோன்பு என்று ஏற்படுத்தினார். உரோமையில் திருவருகைக் காலம் இன்றைய வடிவம் பெறுமுன்பே டிசம்பர் நோன்பு ஒன்று இருந்தது. 440 முதல் 461 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய லியோ அந்த நோன்பைப் பற்றி ஆற்றிய ஒன்பது மறையுரைகள் கிடைக்கின்றன. அவர் நோன்பை விளைச்சலோடு கட்டுகிறார். அறுவடை முடிந்து தானியம் வீடுவந்து சேர்ந்திருக்கிறது, எனவே நிறைவான நேரத்தில் நன்றியாக நோன்பிருங்கள் என்கிறார். அடுத்த மூச்சில், நாம் உண்ணாமல் விட்டது ஏழையின் உணவாகவேண்டும் என்கிறார். பசி கிடப்பதில் மட்டும் புண்ணியம் இருப்பதாக அவர் எங்கும் விடவில்லை. உரோமைத் திருச்சபையின் டிசம்பர் பக்தியின் மிகப் பழைய அடுக்கைத் தோண்டினால் கிடைப்பது களத்து மேடும் பங்கீடும். குடிலும் வைக்கோலும் பல நூற்றாண்டு கழித்து வந்தவை.

இந்தக் களத்து மேட்டிலிருந்து கொல்லிமலைக்குப் போவது நீண்ட தூரமில்லை. இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு பயிரிட்டவர்கள். சாமையிலேயே பல ரகங்களை அவர்கள் காப்பாற்றி வைத்திருந்ததை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. 1970-களுக்குப் பிறகு அந்த நிலங்களை மரவள்ளிக் கிழங்கு பிடித்துக்கொண்டது. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது, கையில் ரொக்கம் வந்தது. அதைத் தவறென்று மலைக்காரரிடம் சொல்ல நமக்குத் தகுதியில்லை. சாமை குறைந்ததற்கு இன்னொரு காரணம் பெண்களின் தோள். சாமையின் உமி கடினமானது, உரலில் போட்டு உலக்கையால் குத்திப் புடைத்தால்தான் அரிசி கிடைக்கும். ஒரு வேளைச் சோற்றுக்கு அத்தனை உழைப்பு என்றால் ரேஷன் அரிசி வென்றுவிடுவது இயல்பு. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊருக்குள் வந்த பிறகுதான் சாமையைத் திரும்பப் பேச முடிந்தது. ஆனால் கிழங்கோடு வேறொன்றும் மலையேறியது: நடும்போதே வியாபாரியிடம் முன்பணம், பிடுங்கும்போது அவர் சொன்ன விலை. கிழங்கு முதிர ஒன்பது, பத்து மாதம். அத்தனை மாதமும் ஒருவர் இன்னொருவர் கைக்குள் இருக்கிறார். விதித்ததற்கு மேல் வாங்காதே என்ற யோவானின் சொல்லுக்கு இன்று பொருள் தேடுபவர் வரி அலுவலகம் வரை போகவேண்டியதில்லை.

அதே நற்செய்திப் பகுதியின் முடிவில் யோவான், வரப்போகிறவர் கையில் சுளகு இருக்கிறது, கோதுமை களஞ்சியத்துக்கும் பதர் நெருப்புக்கும் போகும் என்கிறார். மறையுரைகளில் இது நரக நெருப்பாகவே எரிந்து தீர்ந்துவிடுகிறது. சுளகு பிடித்துப் பழகியவர்களுக்கு அது முதலில் மதிப்பீட்டுக் கருவி. தூற்றும் நேரத்தில்தான் இந்த ஆண்டு என்ன விளைந்தது என்பது வெளியாகும். எது உணவு, எது விதை, எது கடனுக்குப் போவது என்பது அப்போதுதான் பிரியும். தீர்ப்பு என்பதை இப்படி விளைச்சல் கணக்காகப் பார்த்தால் திருவருகைக் காலத்தின் முதல் பாதி ஏன் இறுதி நாளைப் பற்றியே பேசுகிறது என்பது விளங்கும். டிசம்பர் 16 வரை திருச்சபை குழந்தையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கணக்குக் கேட்கப்போகிறவரைப் பற்றிப் பேசுகிறது. இப்பாதியைத் தாவிக் குடிலுக்குப் போய்விடும் பங்குகள், தூற்றாமலே தானியத்தைக் களஞ்சியத்தில் கொட்டுகின்றன.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. நீங்கள் ஆன்மிகத்தைச் சமூக சேவையாகச் சுருக்குகிறீர்கள். ஆண்டவரின் வருகை அருள். அதைக் கூலி உயர்வினால் வாங்க முடியாது என்பார்கள். வாங்க முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். புனித பெர்நார்து மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார்: பெத்லகேமில் வந்தது, இறுதியில் வரப்போவது, இரண்டுக்கும் இடையே இன்று உள்ளத்துக்குள் மறைவாக வருவது. மூன்றிலும் முதல் அடி ஆண்டவருடையது. சாலை போட்டதால் பயணி புறப்படுவதில்லை. ஆனால் புறப்பட்டு வருகிறவர் யாருடைய நிலத்தின் வழியாக வருவார் என்பதை எசாயா திறந்தே வைத்திருக்கிறார். பாவமன்னிப்பைப் பற்றிய கத்தோலிக்கப் போதனையும் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. 1992-இல் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட மறைக்கல்வி நூல், ஒப்புரவு அருட்சாதனத்தைப் பேசும் இடத்தில், பாவத்தால் விளைந்த தீங்கை இயன்றவரை சரிசெய்யவேண்டும் என்கிறது. அதற்கு அது தரும் முதல் உதாரணம் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது. ஏழாம் கட்டளையை விளக்கும் பகுதியில் நியாயமற்ற கூலியையும் பிறர் நெருக்கடியைப் பயன்படுத்தி விலையேற்றுவதையும் அக்கட்டளைக்கு எதிரானவையாகச் சேர்க்கிறது. மன்னிப்பு இலவசம், ஆனால் எடுத்த பொருள் திரும்பவேண்டும். இது சமூகவியலாளர் சொன்னதல்ல, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சொந்தச் சட்டம்.

அருளுக்கும் தயாரிப்புக்கும் உள்ள உறவைக் காட்ட இந்த மலையில் நடந்த ஒன்று இருக்கிறது. அது கத்தோலிக்கர் செய்ததல்ல. கத்தோலிக்கப் போதனை மலையடிவாரத்துக்கு முன்பே வந்துவிட்டது: மதுரையிலிருந்து புறப்பட்ட இராபர்ட் தெ நொபிலி 1623-இல் சேந்தமங்கலத்துக்கு வந்தார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்று, உணவும் உடையும் மாற்றி, கேட்பவரின் வாசல் வரை தாமே இறங்கி வந்தவர் அவர். மொழி என்னும் மேட்டை அவரைப்போல் தாழ்த்தியவர் குறைவு; சாதி என்னும் மேட்டை அவர் இருந்தபடி விட்டுவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மலைமேல் குடியேறி வாழ்ந்ததாக நாம் நன்கறிந்தவர்கள், கண்டிப்பு பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி எவலினும். 1913-இல் மணமான அவர்கள் வாழவந்தி பகுதியில் வீடு கட்டினார்கள். காய்ச்சலுக்கு மருந்து, பள்ளி, தச்சு வேலை என்று தொடங்கி, நரம்புச் சிலந்திப் புழு பரவாதபடி கிணறுகளுக்குச் சுவர் எழுப்பச் செய்தது வரை ஜெஸ்ஸியின் வேலை நீண்டது. பல ஆண்டுகள் மலைக்காரர் ஒருவரும் அவர்கள் மதத்துக்கு வரவில்லை. 1918-19 இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில், அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவரின் வீட்டிலும் நோய் விழுந்தது. பிராண்டு தம்பதியர் போய்ப் பார்த்தார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார் என்று அக்குடும்ப வரலாறு சொல்கிறது. ஜெஸ்ஸி 1929-இல் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். எவலின் முதுமையில் ஓய்வுபெற்ற பிறகும் மலைகளுக்கே திரும்பி, 1974-இல் இறக்கும் வரை அங்கேயே உழைத்தார்.

இங்கே இரண்டு கேள்விகள் எழும். பாப்திஸ்துகள் மரபாகத் திருவருகைக் காலம் கொண்டாடாதவர்கள், அவர்களை ஏன் கத்தோலிக்கருக்கு எடுத்துக்காட்டுகிறீர்கள்? இது எளிதான கேள்வி. நம் பீடத்தருகே எரியும் வளையமே 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லத்தில் விக்கர்ன் என்ற லூத்தரன் போதகர் ஏற்படுத்தியது; கத்தோலிக்கர் அதை எடுத்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. யோவானின் மூன்று பதில்களில் எந்தச் சபையின் முத்திரையும் இல்லை. இன்னொரு கேள்வி கடினமானது: மருந்தும் கிணறும் மதமாற்றத்துக்கு வீசிய தூண்டில்தானே? அரப்பளீசுவரர் கோவிலும் கொல்லிப்பாவையும் உள்ள மலையில் இந்தக் கேள்விக்கு உரிமை உண்டு, அதைச் சிரித்து ஒதுக்கக்கூடாது. அவர்கள் மதம் பரப்ப விரும்பியே வந்தார்கள், மறைக்கவும் இல்லை. ஆனால் தூண்டிலை வீசியவர் மீன் சிக்காவிட்டால் இடம் மாறுவார். இவர்கள் யாரும் வராத ஆண்டுகளிலும் கிணற்றுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள், எதிர்த்தவர் வீட்டிலும் நுழைந்தார்கள். தயாரிப்பைப் பற்றி நான் இதிலிருந்து எடுப்பது இவ்வளவே: வருகை நடக்கவில்லை என்பதற்காக வழி போடும் வேலை வீணாவதில்லை, ஏனென்றால் அந்த வழியால் பிறருக்கு ஏற்கெனவே பயன் கிடைத்துவிட்டது. அருளை வாங்கும் முயற்சிக்கும் அருளுக்குக் காத்திருக்கும் உழைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அவர்கள் மகன் பால் பிராண்டு 1914-இல் இம்மலையில் பிறந்தவர். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். நீரே வருகிறவரா என்று சிறையிலிருந்து யோவான் கேட்டனுப்பியபோது இயேசு சொன்ன அடையாளங்களில் தொழுநோயாளர் நலமடைவதும் ஒன்று. முதலாம் ஆண்டு வாசக வரிசையில் மகிழ்ச்சி ஞாயிறு வாசிக்கப்படுவது அந்தப் பகுதி. பால் பிராண்டு தம் மலைச் சிறுபிராயத்தைப் பற்றி ஒரு கைப்பிடிச் சேறு என்ற பொருள்படும் தலைப்பில் கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார். தவளை பிடிக்க நெல்வயலைக் கலக்கிய சிறுவர்களை ஒரு முதியவர் நிறுத்தி, கையில் சேற்றை அள்ளிக் காட்டி, வரப்பைத் தாண்டி ஓடும் இந்தச் சேறுதான் வரும் தலைமுறைகளின் சோறு என்ற கருத்தில் பேசியதை அதில் சொல்கிறார். படிப்படியாக இறங்கும் வயல்களில் மேல் வயல்காரர் கலக்கினால் கீழ் வயல்காரருக்குத் தெளிந்த நீர் போகாது, தம் வயலில் மண்ணும் தங்காது. பின்னாளில் மரங்கள் வெட்டப்பட்டு மண் அரித்துப்போனதைப் பார்த்து வருந்தியதும் அக்கட்டுரையில் இருக்கிறது. அந்த முதியவர் திருவருகைக் காலம் என்று ஒருவேளை கேட்டும் இருக்கமாட்டார். பிறக்காதவர்களுக்குக் கணக்கு வைத்திருந்தார். இறுதி வருகையை எதிர்நோக்குவதைப் பற்றி நான் படித்த இறையியல் விளக்கங்களில் பல, இந்தக் காட்சியளவு தெளிவாக இல்லை.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. கொல்லிமலை மக்களில் கத்தோலிக்கர் எத்தனை பேர், இந்தப் பேச்சு சமவெளிப் பங்குகளுக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆகாயகங்கையாக விழும் ஐயாறு புளியஞ்சோலை வழியே கீழே இறங்கித்தான் ஓடுகிறது. மேலே விளைந்த மிளகும் காப்பியும் அன்னாசியும் கிழங்கும் கீழேதான் விலை போகின்றன. கடன் யார் பக்கம் என்பது அந்த இறக்கத்திலேயே தெரிகிறது. காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் திருவருகைக் காலமும் ஒரே மாதங்களில் வருகின்றன. விழாவுக்கு முந்தின வாரம் பங்குகளில் நடக்கும் பொது ஒப்புரவு வழிபாட்டில் ஆன்ம சோதனைக் கேள்விகள் சத்தமாக வாசிக்கப்படுகின்றன: கோவிலுக்கு வரத் தவறினேனா, பொய் சொன்னேனா, கெட்ட எண்ணத்துக்கு இடம் கொடுத்தேனா. முன்பணம் வாங்கியவனிடம் விலையை அடித்துக் கேட்டேனா, வேலைக்கு வந்தவளின் கூலியை அன்றே கொடுத்தேனா, எடையில் கழித்தேனா, பட்டா இல்லாதவரின் நிலத்தில் என் வேலி நகர்ந்ததா என்ற கேள்விகளை அதே தாளில் சேர்ப்பதற்கு எந்தத் திருவழிபாட்டு விதியும் குறுக்கே நிற்கவில்லை. பங்கின் அக்கம்பக்கக் குழுவான அன்பியத்தின் அடுத்த கூட்டத்திலேயே அந்தத் தாளைத் திருத்தி எழுதலாம்.